நான்கு நிறப் பொன்னையா

அபிஷா, ஜெபின், திங்கட்கிழமை முதல் நீங்கள் இருவரும் என் நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். யார் நாற்காலியில், யார் பக்கத்தில் ஸ்டூலில் என்பதை நீங்களே அடித்துப் பிடித்து முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு அரசு வேலை வந்துவிட்டது. முப்பது வயது ஆகுமுன் ஒரு தொழிலிலிருந்து ஓய்வு பெறுகிறேன். எனவே ஓய்வு பெற்றவர்களுக்கு உள்ள எல்லா உரிமையும் எனக்கும் உண்டு. அதில் முதல் உரிமை, புதிதாக வந்தவர்களை உட்காரவைத்து அவர்கள் கொட்டாவி விடும்வரை பேசுவது.

மெஷினை ஓட்டுவது பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். மை தீர்ந்தால் அதுவே கத்தும். தகடு கோணலாக இருந்தால் அதுவே நின்றுவிடும். மனிதர்கள் அப்படி இல்லை. எங்கே கோணல் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். சில சமயம் அவர்களுக்கே தெரியாது. நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டில் கல்லூரி வரை படித்த முதல் ஆள் நான். கல்லூரி என்ன, பள்ளிக்கூடத்தையே முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். அம்மா அண்டி ஆபீஸில் முந்திரிப்பருப்பு உரிக்கிறாள். அப்பா ரப்பர் வெட்டப் போகிறார். நான் அலுமினியத் தகட்டில் படம் அச்சடிக்கிறேன் என்று சொன்னபோது, அப்பாவுக்குத் தகட்டில் அடிப்பது என்றால் வண்டி நம்பர் பிளேட் மட்டும்தான் தெரியும். இன்றைக்கும் யாராவது புது பைக் வாங்கினால், "எனக்க மகள்கிட்ட போ, நம்பர் அடிச்சுத் தருவா" என்று அனுப்பி வைக்கிறார். இதுவரை நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று கேட்காதீர்கள். ஒருவருக்கு அடித்தே கொடுத்துவிட்டேன். ரோஸ் நிறத்தில். போலீஸ் பிடித்ததாகக் கேள்வி.

நம் கடையின் சரக்கு என்ன என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். புளியும் மண்ணும் போட்டு ஒரே திசையில் தேய்த்த எவர்சில்வர் தாம்பாளத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் மெல்லிய கோடுகள் ஓடும். நம் அலுமினியத் தகடும் அப்படித்தான் இருக்கும். அதன்மேல் பாப் ஆர்ட் அடிக்கிறோம். ஒரே பொருளை நான்கு முறை, அந்தப் பொருளுக்குக் கடவுள் கொடுக்காத நான்கு நிறங்களில் போட்டால் அது பாப் ஆர்ட். திற்பரப்பு அருவிப் பக்கம் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவருக்கு மட்டி வாழைப்பழக் குலையை ஊதா, ரோஸ், நீலம், கறுப்பு என்று அடித்துக் கொடுத்தேன். குளித்துவிட்டு வருகிறவர்கள் அதன்முன் நின்று போட்டோ எடுக்கிறார்கள். கறுப்புக் குலையைப் பார்த்து, "அழுகினத எதுக்கு மாட்டியிருக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. எல்லோருக்கும் ரசனை இருக்காது.

நான் அடிக்கும் படங்களில் வெள்ளை மையே போடுவதில்லை. வெள்ளை வரவேண்டிய இடத்தைச் சும்மா விட்டுவிடுவேன். அங்கே தகடு தெரியும். பார்ப்பவர் நகர்ந்தால் அந்த மினுக்கமும் நகரும். பல், கண்ணின் வெண்படலம், நரைமுடி எல்லாம் வெளிச்சத்தில் உயிர் பெறும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. உலகத்தில் வேறு யாராவது செய்திருந்தால் அது என்னைக் கேட்காமல் செய்தது.

இனி கொட்டாரம் கதைக்கு வருகிறேன்.

ஸ்டீபன் அண்ணன் இருபது வருடத்துக்கும் மேலாக வளைகுடாவில் இருப்பவர். கொட்டாரத்தில் அப்பா அம்மாவின் பழைய வீட்டுக்கு எதிரிலேயே புது வீடு கட்டினார். ஒருநாள் அவரும் மனைவி ஷீபா அக்காவும் கடைக்கு வந்தார்கள். ஹாலுக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் நான்கு தகடு, நான்கிலும் ஒரே முகம், ஸ்டீபன் அண்ணனின் அப்பா முகம் வேண்டும் என்றார்கள். அக்கா அங்கே ஏதோ பெரிய ஹோட்டலில் இப்படிப் பார்த்திருக்கிறார்.

"அப்பாட்ட கேட்டியளா?" என்று கேட்டேன்.

"சர்ப்ரைஸ்" என்றார் அக்கா.

ஜெபின், இந்தச் சொல்லை எந்த வாடிக்கையாளர் சொன்னாலும் உடனே எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வா. வருவதற்குள் அவர் மனம் மாறியிருக்கக் கூடும். நான் போகவில்லை. படத்தைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன்.

பொன்னையா என்பது அவர் பெயர். வாழைக்குலை வியாபாரி. எழுபது தாண்டியவர். யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த போட்டோ அது. 'அசையாதீங்க' என்று போட்டோக்காரன் சொன்னதை அப்படியே மதித்து, மூச்சையும் சேர்த்து நிறுத்திக்கொண்டு நேராகப் பார்க்கிறார். நெற்றியில் மூன்று கோடு. முறுக்காத வெள்ளை மீசை. வாழ்நாளில் ஒருவரிடமும் சரி என்று சொல்லாத வாய். பாப் ஆர்ட்டுக்கென்றே பிறந்த முகம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஹால் சுவரில் ஒரு முகம் மட்டும் தனியாக, பெரிதாக, நேராகப் பார்த்தபடி இருந்தால் அவர் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். உயிரோடு இருப்பவர்கள் கூட்டமாகத்தான் இருப்பார்கள், கல்யாணப் படத்தில், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. இது எனக்குத் தெரியாதா? மெட்டலுக்கு வருமுன் ஃப்ளெக்ஸ் கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்துதான் நான் டிசைன் பழகினேன். ஆனால் செத்தவர் முகத்தை யாராவது ஆரஞ்சு நிறத்தில் அடிப்பார்களா? நிறம் நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். தர்க்கப்படி நான் நினைத்தது சரி. கொட்டாரத்துக்காரர்கள்தான் தர்க்கப்படி நடக்கவில்லை.

வீட்டுப் பிரதிஷ்டைக்கு, அதாவது ஜெபம் பண்ணிப் பால் காய்ச்சிக் குடிபுகும் விழாவுக்கு, முந்தின நாள் நம் சுரேஷ் அண்ணன் போய்த் தகடுகளை மாட்டினார். அவர் வேலை தெரியும்தானே? திருகாணி போதும் என்றால் பசையும் போடுவார். பசை போதும் என்றால் திருகாணியும் போடுவார். "சுவர் விழுந்தாலும் படம் விழாது கேட்டியா" என்று எனக்குப் போனில் சொன்னார்.

தகட்டின்மேல் தூசி படாமல் இருக்க ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை விழா அன்று காலையில்தான் உரிப்போம். அதற்காக நானும் சுரேஷ் அண்ணனும் விடிந்ததும் போனோம். வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் நிறைந்திருந்தன. வாசல்படிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். பொன்னையா வெட்டிய பிறகுதான் யாரும் முன்வாசல் வழியாக நுழையலாம். அதுவரை எல்லோரும் திறந்த கதவு வழியாக ஹாலைப் பார்த்தபடி வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டீபன் அண்ணன் போதகரைக் கூப்பிட்டு வரப் போயிருந்தார். ஷீபா அக்கா பின்பக்கம் சமையல்காரர்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பின்வாசல் வழியாக உள்ளே போனோம்.

படங்களுக்குக் கீழே ஷீபா அக்கா ஒரு சின்ன மேசை போட்டிருந்தார். அதில் வெள்ளைப் பூ வைத்த ஜாடி. ஜாடிக்குப் பக்கத்தில் பேட்டரியில் எரியும் மெழுகுவர்த்தி. வளைகுடா சரக்கு. நிஜ மெழுகுவர்த்தியைவிடத் துக்கமாகத் துடித்தது.

சுரேஷ் அண்ணன் பார்த்துவிட்டு, "ஒரு ஊதுபத்தி மட்டும் குறையுது" என்றார்.

"சும்மா கிடங்க அண்ணா."

தாளை உரித்தேன். சுரேஷ் அண்ணன் சுவர் விளக்கைப் போட்டார். ஆரஞ்சுப் பொன்னையா, பச்சைப் பொன்னையா, நீலப் பொன்னையா, மஞ்சள் பொன்னையா, நான்கு பேரும் ஒரே நேரத்தில் கண் விழித்தார்கள். மீசை வெள்ளியாக எரிந்தது. நான் இதுவரை செய்ததில் அதுதான் சிறந்த வேலை. இன்றுவரை அதுதான்.

வெளியே பேச்சு நின்றது. பிறகு யாரோ ஒரு பெண் விம்மும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொருத்தி.

"அண்ணா, படத்தப் பாத்து அழுகாங்க" என்றேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அலுமினியத்தைப் பார்த்து ஓர் ஊரே அழுகிறது. என் படிப்பு வீண்போகவில்லை.

பந்தலில் உண்மையில் நடந்தது இதுதான். முன்வரிசையில் பக்கத்து வீட்டு லீலாபாய் அக்கா. ரிப்பன் வெட்ட வேண்டிய பொன்னையாவைக் காணோம் என்று அவர் ஏற்கெனவே நாலு பேரிடம் விசாரித்திருக்கிறார். பழைய வீடு பூட்டிக் கிடக்கிறது. மனைவி ரோஸம்மாளையும் காணோம். மகன் முகம் வாடி எங்கோ காரில் போனான், அதுவும் போதகர் வீட்டுப் பக்கம். இப்போது உள்ளே படம், பூ, மெழுகுவர்த்தி. இதற்குமேல் ஒருவர் வந்து காதில் சொல்லவா வேண்டும்?

"எனக்க அண்ணாச்சியே! பால் காய்ச்சுற நாளுல போய்ட்டீரே!" என்று லீலாபாய் அக்கா எழுந்து நின்று அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே போனை எடுத்தார். அதில் இருந்த எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்தார். அழுகைக்கு நடுவே நம்பர் தேடும்போது மட்டும் தெளிவாக இருந்தார்.

அந்த நேரத்தில் ஸ்டீபன் அண்ணன் போதகரோடு காரில் வந்து இறங்கினார். ஆண்கள் ஒவ்வொருவராக அவரைக் கட்டிப்பிடித்தார்கள். வீடு கட்டியதற்குத்தான் இவ்வளவு பாசம் என்று நினைத்து அவரும் எல்லோர் முதுகையும் தட்டிக்கொடுத்தார். "தைரியமா இருடே" என்று ஒருவர் சொன்னபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "என்னத்துக்கு?" என்று கேட்டார்.

கேட்டு வாய் மூடுவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு செவ்வாழைக் குலை இறங்கியது. குலைக்குப் பின்னால் பொன்னையா இறங்கினார். அவருக்குப் பின்னால் ரோஸம்மாள். மகன் வாங்கி வைத்திருந்த குலை சரியில்லை என்று விடிகாலையிலேயே சந்தைக்குப் போயிருக்கிறார் மனுஷன். போகாதீர்கள் என்று தடுக்கப் போன மனைவியும் கூடப் போக வேண்டியதாகிவிட்டது.

லீலாபாய் அக்கா ஒரு கத்து கத்தினார். நாற்காலிகள் விழுந்தன. போதகரே ஓரடி பின்வாங்கினார் என்று சுரேஷ் அண்ணன் சொல்வார். நான் அதை நம்பவில்லை. அரை அடி இருக்கலாம்.

பொன்னையா கூட்டத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். திறந்த கதவுக்குள்ளிருந்து நான்கு பொன்னையா அவரைப் பார்த்தார்கள். குலையை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"லே ஸ்டீபா."

"அப்பா..."

"நான் எப்பம் செத்தேன்?"

"அப்பா, அது பாப் ஆர்ட்டு அப்பா."

"எந்த ஆர்ட்டா இருந்தாலும் மெழுகுதிரி எரியுதா இல்லியா?"

"அது பேட்டரி அப்பா."

"ஓகோ. கரண்டு போனாலும் நான் செத்தவன்தானா?"

ரோஸம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

பொன்னையா திரும்பி ஆட்டோவைப் பார்த்தார். "செத்தவன் படம் மாட்டின வீட்டுக்குள்ள உயிரோட இருக்கவன் எதுக்குக் கேறணும்? நான் இந்தப் படியில கால் வைக்க மாட்டேன். நீங்க பிரதிஷ்டை பண்ணுங்கோ. சாப்பாடு மட்டும் பழைய வீட்டுக்குக் கொடுத்து விடுங்கோ."

ஸ்டீபன் அண்ணனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அப்பா காலெடுத்து வைக்காத வீட்டுல நான் குடியேற மாட்டேன்" என்றார் மெதுவாக. வெயிலில் நின்று ஒவ்வொரு கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு. எல்லாம் அப்பா முதலில் நுழைய வேண்டும் என்பதற்காக. அதை அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அதனாலேயே எல்லோருக்கும் கேட்டது. பின்பக்கத்திலிருந்து ஓடிவந்த ஷீபா அக்கா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நம் தொழிலில் படம் நன்றாக இருந்தால் வாங்கியவரைப் பாராட்டுவார்கள். படம் வம்பு செய்தால் அச்சடித்தவளைத் தேடுவார்கள்.

"எடுத்துருங்க அண்ணா" என்று சுரேஷ் அண்ணனிடம் சொன்னேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "எடுக்கலாம். சுவரும் கூட வரும்."

"வேற வழி?"

"மூடி வைக்கலாம்" என்று உள்ளே ஓடினார். ஷீபா அக்காவின் அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்துவந்து நான்கு தகட்டையும் சேர்த்து மூடினார். அவர் கையில் கிடைத்தது வெள்ளைப் போர்வை. வெளியே லீலாபாய் அக்கா மறுபடியும் அழ ஆரம்பித்தார். போர்வையை நானே பாய்ந்து உருவிக் கீழே போட்டேன்.

பிறகு நான் ஒரு தவறான காரியம் செய்தேன், அதாவது வாதாடினேன். வாசல்படிக்கு உள்பக்கம் நின்று, ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நின்ற பொன்னையாவிடம், "ஐயா, செத்தவங்களுக்கு யாராவது பச்சை முகம் போடுவாங்களா? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் பச்சைப் பொன்னையாவை உற்றுப் பார்த்தார். "சரிதான். இவன் செத்து ரெண்டு நாளா எடுக்காம கிடக்கான்."

"நீலத்தைப் பாருங்க ஐயா."

"இவன் குளத்துல விழுந்து செத்தவன்."

"ஆரஞ்சு?"

"அவனுக்கு மஞ்சக் காமாலை முத்திப்போச்சு."

பந்தலில் ஒருவர் சிரித்தார். அது பொன்னையாவுக்கு இன்னும் கோபம் மூட்டியது. ஆட்டோக்காரரிடம், "திருப்புடே" என்றார்.

தங்கையே, தம்பியே, நான் மேலே சொன்ன நீதி, தத்துவம் எதையும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டாம். இந்த இடத்தை மட்டும் வையுங்கள். அவர் ஆட்டோ பக்கம் திரும்பினார், ஆனால் தலை திரும்பவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். சந்தையில் ஒரு குலையைப் பார்க்கிறபோது வியாபாரிகள் பார்க்கிற பார்வை அது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சீப்பைப் புரட்டிப் பார்ப்பார்கள். வேண்டாத சரக்கை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

அப்போது நான் என் வாழ்க்கையிலேயே மிகக் கஷ்டமான ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். தேர்வு எழுதியபோதுகூட அவ்வளவு வியர்க்கவில்லை.

"ஐயா, படத்துல ஏதோ குறை இருக்கு. எங்கேன்னுதான் எனக்குத் தெரியல."

அந்தப் படத்தில் ஒரு குறையும் இல்லை. அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பொன்னையா நின்றார். "தெரியலியா? படிச்ச பிள்ளைதானே நீ?"

"படிச்சிருக்கேன். ஆனா உங்க முகத்த உங்களுக்குத்தானே தெரியும்?"

"மூக்கு" என்றார் அங்கிருந்தே.

"எந்த மூக்கு ஐயா? நாலு இருக்கு."

"அந்த மஞ்சள்ல."

"மஞ்சள்ல எந்தப் பக்கம்?" நான் சுவர்ப் பக்கம் போய் வேண்டுமென்றே காதில் விரலை வைத்தேன். "இதா?"

"காதுல்லா அது. மூக்கு, மூக்கு!"

"இதா?" என்று மீசையைத் தொட்டேன்.

"சே! இதுக்கா உன்ன பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாங்க? தள்ளு அங்கிட்டு."

ரிப்பனை ஒரு கையால் தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். துணிக்கொடிக்குக் கீழே நுழைகிற மாதிரி. வெளியே தட்டில் கத்தரிக்கோலோடு நின்ற போதகர் வாயைத் திறந்தார். ரோஸம்மாள் அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். ஆட்டோக்காரர்கூட என்ஜினை அணைத்துவிட்டார்.

பொன்னையா சுவரை நெருங்கினார். மஞ்சள் பொன்னையாவின் மூக்கில் விரலை வைத்து, "இங்க ஒரு வளைவு உண்டு. சின்ன வயசுல மாடு முட்டுனது" என்றார். பிறகு கொஞ்சம் நகர்ந்தார். நகர்ந்ததும் சுவரில் மினுக்கம் ஓடியது. மீசை ஒளிர்ந்து அணைந்தது. எட்டுக் கண்களும் அவரோடு நகர்ந்தன. அவர் திடுக்கிட்டு நின்றார். ஒரு எட்டு இடதுபக்கம் வைத்தார். கண்கள் வந்தன. இரண்டு எட்டு வலதுபக்கம் வைத்தார். வந்தன. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சட்டென்று குனிந்து நிமிர்ந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"கொள்ளாமே" என்று மெதுவாக மெச்சினார். உடனே சுதாரித்துக்கொண்டு, "மச்சம் தப்பு" என்றார். "எனக்கு மச்சம் இந்தப் பக்கம். நீ அந்தப் பக்கம் வச்சிருக்க."

மச்சம் சரியான கன்னத்தில்தான் இருந்தது. அவர் தன் முகத்தைச் சவரக் கண்ணாடியில் மட்டுமே பார்த்தவர், கண்ணாடியில் இடம் மாறித்தான் தெரியும். நேரில் நிற்கிற முகத்தைப் பார்த்தால் எனக்கே தெரிகிறது. சொல்ல நாக்கு துடித்தது. ஒளியியல் முழுவதும் தொண்டைவரை வந்து நின்றது. விழுங்கினேன்.

"ஆமா ஐயா, மாறிப்போச்சு."

"ம்" என்றார் அவர் பெருமையாக. வெற்றி பெற்றவர் அடுத்து என்ன செய்வார்? சுற்றுமுற்றும் பார்ப்பார். பார்த்தார். மேலே விசிறி, கீழே பளபளக்கும் தரை. தரையில் தன் இரண்டு கால்கள். வாசலைப் பார்த்தார். ரிப்பன் அந்தப் பக்கம் இருந்தது. எல்லோரும் ரிப்பனுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

"நான் எப்பம் உள்ள வந்தேன்?"

ரோஸம்மாள் வாசலில் நின்றபடி சொன்னார்: "வந்தவரு அங்கேயே நில்லுங்கோ. ஒரு ஆளு வீட்டுல இருக்கதே எனக்குப் பெரும் பாடு. இனி அஞ்சு பேரு."

அப்போது வெடித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. பொன்னையாவின் வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்பை அடக்குகிற கோணல். "அந்தக் கத்திரியை இங்க தாங்க ஐயா" என்று போதகரிடம் கை நீட்டினார். உள்ளே நின்றுகொண்டே ரிப்பனை வெட்டினார். வெளியிலிருந்து வெட்டித்தான் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவர் வீட்டுக்காரராக உள்ளேயிருந்து வெட்டி, "வாங்க, வாங்க" என்று ஊரை அழைத்தார். ஸ்டீபன் அண்ணனைத்தான் முதலில் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அண்ணன் தலையைக் குனிந்தபடி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவர் அப்பாவும் பார்த்தார். பார்க்காத மாதிரி, "லே, இந்த மெழுகுதிரிய மட்டும் அணை" என்றார்.

ஜெபம் முடிந்தது. பால் பொங்கியது. இலை போட ஆரம்பித்த நேரத்தில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் தலைவிரி கோலமாக, லாரி டயர் அளவுக்கு ஒரு ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ரோஸம்மாளின் தம்பி தங்கராஜ். திற்பரப்புப் பக்கத்துக்காரர். ஏதோ ஒரு கல்யாணத்தில் பொன்னையா தன்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்துவிட்டார் என்று பல வருடங்களாக இந்தக் குடும்பத்து வாசலை மிதிக்காதவர். பிரதிஷ்டைக்கும் வர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். லீலாபாய் அக்காவின் போன் அவரை எட்டியிருந்தது.

"அத்தானே! எனக்க அத்தானே! ஒரு வார்த்தை பேசாம போய்ட்டீரே!"

தரையைப் பார்த்து அழுதுகொண்டே நேராகப் படத்துக்குப் போனார். மாலையைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தார். எதிரே நான்கு அத்தான்கள். மாலையை ஆரஞ்சுப் பக்கம் கொண்டுபோனார். தயங்கி நீலத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி ஆரஞ்சு. துக்கத்தின் நடுவே இப்படி ஒரு சிக்கல் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒருத்தனுக்குப் போட்டா மத்த மூணு பேரும் கோவிச்சுக்கிடுவானுவ தங்கராஜி. கழுத்து இங்கதான் இருக்கு."

தங்கராஜ் திரும்பினார். மாலை கையிலிருந்து நழுவப் பார்த்தது. பொன்னையா தானே முன்னால் வந்து, தலையைக் குனிந்து, மாலைக்குள் நுழைந்துகொண்டார். தங்கராஜ் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு தோளில் இரண்டு அடி அடித்தார். பிறகு மறுபடியும் அழுதார்.

"போதும்டே, பூ நசுங்குது. வா, இலை போட்டாச்சு. எனக்க பக்கத்துல இரு."

முதல் பந்தியில் நானும் சுரேஷ் அண்ணனும் அவர்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்தோம். பொன்னையா மாலையோடேயே சாப்பிட்டார். ஒவ்வொரு முறை குனியும்போதும் ஒரு ரோஜா இதழ் பருப்பில் விழுந்தது. பரிமாறிக்கொண்டு வந்த ரோஸம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"அதைக் கழற்றி வச்சிட்டுத் தின்னப்படாதா? பூவெல்லாம் சாம்பாரு ஆகுது பாத்தியளா."

பொன்னையா ஓர் இதழை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.

"கிடக்கட்டும் ரோஸம்மா. செத்த பிறகு போட்டா எனக்குத் தெரியாதுல்லா. இப்பமே பாத்துக்கிடுகேன்."